குமரிக் குழந்தைகளின் வட்டாரச் சொற்களும் படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனையும்: ஆய்வேட்டுத் தலைப்பாக எடுக்கலாமா?

கேள்வி: கருங்கல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது வெளிமாவட்டத்தில் பேச்சு மொழி நோயியலில் (பேச்சு, மொழிக் கோளாறுகளைக் கண்டறிந்து பயிற்சி தரும் துறை) முதுநிலை படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பை இன்னும் 3 வாரங்களில் துறையில் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் தரவு திரட்டி எழுதி முடிக்க ஏறத்தாழ 9 மாதங்கள் கிடைக்கும். என் மனத்தில் 2 தலைப்புகள் உள்ளன. எதை எடுப்பது என்று தெளிவு கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

முதல் தலைப்பு ஒரு நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. சென்ற ஆண்டு நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த பரிசோதனை முகாமுக்கு உதவியாளராகச் சென்றிருந்தேன். நாலரை வயதுச் சிறுவன் ஒருவனிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். துண்டின் படத்தைப் பார்த்து 'துவர்த்து' என்றான். பலாப்பழத்துக்குச் 'சக்கை', வாத்துக்குத் 'தாரா', மரவள்ளிக்கிழங்குக்கு 'மரச்சீனி' என்று தயக்கமில்லாமல் சொன்னான். படகின் படம் வந்தபோது மட்டும் அட்டையைக் கையில் வாங்கி, முகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வள்ளமா, போட்டா?" என்று திருப்பிக் கேட்டான். எங்கள் பக்கம் வள்ளம் என்றால் சிறிய படகு, போட்டு என்றால் பெரிய விசைப்படகு. வரைந்திருந்த படத்தில் எஞ்சினும் இல்லை, மேலே அறையும் இல்லை. அவனுடைய தகப்பனார் கடலுக்குப் போகிறவர். எந்த வகை என்று தெரியாமல் அவனால் பெயர் சொல்ல முடியவில்லை. மதிப்பெண் தாளில் 'படகு' என்ற ஒரு சொல்தான் அச்சாகியிருந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த என் உடன்பயிலும் தோழி இந்த ஐந்து படங்களுக்கும் பெருக்கல் குறி போட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை. தாளில் இருந்தபடிதான் அவள் செய்தாள். கூட்டிப் பார்த்தபோது அவன் வயதுக்குரிய அளவை எட்டவில்லை. 'மொழி வளர்ச்சித் தாமதம், மறுபரிசோதனை தேவை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவனுடைய தாயார் அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்த ஐந்து சொற்களையும் என் வீட்டில் நாள்தோறும் சொல்கிறோம். ஆனாலும் நான் அப்போது வாய் திறக்கவில்லை. அது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே, நம் மாவட்டத்துக் குழந்தைகளிடம் இத்தகைய சோதனைகள் எந்த அளவுக்குத் தவறான முடிவைத் தருகின்றன என்று ஆராய விரும்புகிறேன். என் வழிகாட்டி இதை முழுமையாக மறுக்கவில்லை. ஆனால் இது வட்டார வழக்குப் பட்டியலாகவே முடிந்துவிடும், மொழியியல் துறைக்குரிய வேலையாகிவிடும் என்கிறார். வள்ளத்து எஞ்சின் இரைச்சலால் மீனவர்களின் செவித்திறன் எவ்வாறு குறைகிறது என்ற இரண்டாம் தலைப்பை அவர் விரும்புகிறார்; அதில் டெசிபல் கணக்கில் எண்கள் கிடைக்கும் என்பது அவர் சொல்லும் காரணம். முதல் தலைப்பு நம் துறைக்குரிய ஆய்வாக நிற்குமா? தனி ஒருத்தியாக 9 மாதங்களில் முடியுமா? நானே அந்த வழக்கைப் பேசுகிறவள் என்பதால் என் மதிப்பீட்டில் சாய்வு இருக்கிறது என்று குற்றம் சொல்வார்களா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: மார்த்தாண்டத்துப் பேச்சுப் பயிற்சியாளர்

தங்கைக்கு வணக்கம். முதல் தலைப்பை விட்டுவிடாதீர்கள். 15 ஆண்டுகளாக இந்தப் பகுதியில் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். நீங்கள் எழுதிய சீட்டைப் போன்ற சீட்டுகளோடு என்னிடம் வந்த பெற்றோர் பலர். அவர்களில் சிலருடைய குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி அனுப்புவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சீட்டு எழுதப்பட்ட நாளுக்கும் என்னிடம் வந்த நாளுக்கும் இடையே அந்தத் தாய்மார் பட்ட வேதனையை எந்த மதிப்பெண் தாளும் காட்டாது.

மொழியியல் துறைக்குரியது என்ற கருத்துக்கு முதலில் விடை சொல்கிறேன். வேறுபாடு எது, கோளாறு எது என்று பிரித்தறிவதுதான் நம் தொழிலின் முதல் வேலை. அமெரிக்கப் பேச்சு மொழி செவிச் சங்கம் 1983-ஆம் ஆண்டிலேயே, ஒரு மொழியின் வட்டார, சமூக வழக்கு எதுவும் பேச்சுக் கோளாறு ஆகாது என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. அங்கே ஆங்கிலத்தின் வழக்குகளை வைத்து நடந்த சிந்தனை அது. தமிழுக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அதிலும் குமரிக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. துவர்த்து, சக்கை, வெள்ளம் (தண்ணீர்), தாரா போன்ற சொற்கள் நமக்கும் மலையாளத்துக்கும் பொதுவாக இருப்பதால், வெளியிலிருந்து வரும் பரிசோதகர்கள் இவற்றை 'மலையாளக் கலப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். குழந்தை இரண்டு மொழிகளைக் குழப்பிக்கொள்கிறது என்ற முடிவு அதிலிருந்து பிறக்கிறது. வீட்டில் தமிழ் ஒன்றையே கேட்டு வளர்ந்த குழந்தை 'வெள்ளம் வேணும்' என்று கேட்டால் அது தன் தாயின் தமிழைத்தான் பேசுகிறது.

ஒலிப்பிலும் இதே சிக்கல் உண்டு. மதுரைப் பக்கம் பெரியவர்களே 'மளை', 'பளம்' என்று சொல்லும்போது, அங்குள்ள குழந்தை ழகரத்தை ளகரமாகச் சொன்னால் அதைப் பிழையாகக் கணக்கிடுவது முறையன்று. நம் ஊரில் ழகரத்தைத் திருத்தமாகச் சொல்லும் பெரியவர்கள் நடுவில் வளரும் எட்டு வயதுக் குழந்தை அவ்வாறு சொன்னால் உற்றுக் கவனிக்க வேண்டியிருக்கும். குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்களின் பேச்சுத்தான் அளவுகோல். அச்சிட்ட விடைத்தாள் அந்த அளவுகோலுக்கு ஒரு மாற்று ஏற்பாடு மட்டுமே.

செய்முறைக்கு வருகிறேன். புதிய சோதனை ஒன்றை உருவாக்கப் போவதாக எழுதாதீர்கள். சோதனையைத் தரப்படுத்துவதற்குப் பல ஆண்டுகளும் பல ஊர்களும் வேண்டும். 9 மாதத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும். நடைமுறையில் உள்ள படத்தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் அதே படங்களைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். ஒரே ஊரைச் சேர்ந்த தாய்மார், பாட்டிமார், தகப்பன்மார் என்று 20 பேர் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பதிவு செய்தால் அந்த ஊரின் விடைத்தாள் உங்கள் கைக்கு வந்துவிடும். அதன்பின் குழந்தைகளிடம் அதே படங்களைக் காட்டி, ஒவ்வொரு குழந்தையின் விடைகளையும் அச்சிட்ட விடைத்தாளின்படி ஒரு முறையும் ஊரின் விடைத்தாளின்படி ஒரு முறையும் மதிப்பிடுங்கள். எத்தனை குழந்தைகள் 'தாமதம்' என்ற பகுப்பிலிருந்து 'இயல்பு' என்ற பகுப்புக்கு மாறுகிறார்கள் என்பதே உங்கள் ஆய்வின் கேள்வி.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வட்டாரச் சொல் என்ற பெயரில் உண்மையான கோளாறு நம் கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது. சென்ற மாதம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பலாப்பழத்தின் படத்தைப் பார்த்துத் 'தக்கை' என்றாள். சொல்லைப் பொறுத்தவரை அவள் விடை சரி. அவள் ஊரில் அது சக்கைதான். ஒலிப்பில் பிழை உள்ளது. சகரத்தைத் தகரமாக முன்னுக்குக் கொண்டுவருகிறாள். சேவல் 'தேவல்' ஆயிற்று, சீப்பு 'தீப்பு' ஆயிற்று. சொல் தெரிகிறதா என்பதற்கு ஒரு மதிப்பெண், அதைச் சொல்லும் ஒலி சரியா என்பதற்குத் தனி மதிப்பெண் என்று இரண்டு பத்திகளாகப் பிரிக்காவிட்டால் இந்தக் குழந்தை இரண்டு விதத்திலும் தவறாகக் கணிக்கப்படுவாள். ஒலிப்புக்கு, சரியாக ஒலித்த மெய்யெழுத்துகளின் விழுக்காட்டைக் கணக்கிடும் முறை 1982 முதல் புழக்கத்தில் உள்ளது. அதையே பயன்படுத்தலாம்; ஆனால் எது சரி என்பதை ஊர்ப் பெரியவர்களின் ஒலிப்பைக் கொண்டு வரையறுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: நாகர்கோவில் செவியியலர்

இரண்டாம் தலைப்பைப் பற்றி நான் சொல்வது பொருத்தமாக இருக்கும். அது நல்ல தலைப்பு, தேவையான தலைப்பு. ஆனால் பேச்சு மொழி நோயியல் மாணவி தனியாக 9 மாதங்களில் செய்யக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை. இரைச்சலை அளக்க அளவுதிருத்தம் செய்த ஒலியளவு மானி வேண்டும். கைபேசிச் செயலியை நம்பி ஆய்வேடு எழுத முடியாது. கரையில் எஞ்சினை ஓட்டி அளப்பது வேறு, கடலில் தட்டுமுட்டுச் சாமான்களோடும் காற்றோடும் ஓடும் வள்ளத்தில், எஞ்சின் பிடிப்பவரின் காதருகே அளப்பது வேறு. கடலிலிருந்து திரும்பியவுடன் காதைப் பரிசோதித்தால் தற்காலிகமாக மங்கியிருக்கும் கேள்திறன் நிலையான இழப்பைப் போலத் தோன்றும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலிலிருந்து விலகி இருந்தபின் பரிசோதிக்க வேண்டும். நாள்தோறும் விடியுமுன் கடலுக்குப் போகிறவரிடம் இதைக் கேட்பது எளிதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிக் குறைபாடு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. வள்ளம் தொழிற்சாலை அன்று என்பதால் மீனவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை. அதனால்தான் இந்த ஆய்வை அரைகுறையாகச் செய்யக் கூடாது என்கிறேன். 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஆடியோகிராமில் (கேள்திறன் வரைபடத்தில்) விழும் பள்ளத்தை 10 பேரிடம் காட்டிவிட்டு நிறுத்தினால் யாருக்கும் பயன்படாது. செவியியல் மாணவர் இருவர் சேர்ந்து, தக்க கருவிகளோடு எடுக்கட்டும்.

உங்கள் முதல் தலைப்புக்குச் செவியியல் பக்கத்திலிருந்து இரண்டு கருத்துகள் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் படத்தைக் காட்டுமுன் காதைப் பரிசோதித்துவிடுங்கள். 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவில் இரண்டு காதுகளுக்கும் ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை போதும். சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைகள் இந்த வயதில் நிறைய உண்டு. அவர்களைப் பிரிக்காவிட்டால் உங்கள் முடிவுகள் கலங்கிவிடும். அங்கன்வாடிக் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். கடற்கரை ஊர்களில் அலையோசையும் காற்றும் எப்போதும் உள்ளன. திருவிழா நாட்களில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். சன்னல் உள்நிலத்தைப் பார்த்திருக்கும் அறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். பேச்சைச் சுருக்கப்படாத கோப்பாகப் பதிவு செய்வதும் முக்கியம். சுருக்கிய கோப்பில் சகரம் போன்ற ஒலிகளின் உயர் அதிர்வெண் பகுதி சிதைந்துவிடக்கூடும். பயிற்சியாளர் அண்ணன் சொன்ன 'தக்கை'யா 'சக்கை'யா என்ற ஐயம் அங்கேதான் எழும்.

இரண்டாவது கருத்து பெரியவர்களைப் பற்றியது. எங்கள் துறையிலும் இதே அநீதி நடக்கிறது. பேச்சைப் பிரித்தறியும் திறனைச் சோதிக்க 25 சொற்கள் கொண்ட பட்டியலைப் படிக்கிறோம். ஒரு சொல்லுக்கு 4 விழுக்காடு. பட்டியலில் மூன்று சொற்கள் அந்தப் பாட்டிக்குப் பழக்கமில்லாத சொற்களாக இருந்தாலே 12 விழுக்காடு போய்விடும். காது கேட்டும் சொல் தெரியாததால் திரும்பச் சொல்ல முடியாமல் போனதை, நரம்பின் குறை என்று எண்ணிக் காது கேட்கும் கருவியை மாற்றி அமைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆய்வு நன்றாக முடிந்தால் அதே முறையை இந்தப் பட்டியலுக்கும் வேறொரு மாணவர் பயன்படுத்த முடியும்.

பதில்: ஆய்வு முறை கற்பிப்பவர்

மார்த்தாண்டத்து நண்பர் சொன்ன திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதில் ஓர் ஓட்டை உள்ளது. ஊரின் விடைத்தாள் என்பது அச்சிட்ட விடைகளோடு கூடுதல் விடைகளையும் ஏற்றுக்கொள்ளும் தாள். ஆகவே அதன்படி மதிப்பிட்டால் எந்தக் குழந்தையின் மதிப்பெண்ணும் குறையாது, உயரத்தான் செய்யும். மதிப்பெண் உயர்ந்தது என்று காட்டுவதால் மட்டும் புதிய தாள் சரியானது என்று ஆகிவிடாது. எல்லா விடைகளையும் ஏற்கும் தாளும் மதிப்பெண்ணை உயர்த்தும். தேர்வுக் குழுவில் உள்ள ஒருவர் இதைக் கேட்டால் உங்களிடம் விடை இருக்க வேண்டும்.

இதற்கு மூன்றாவது சாட்சி ஒன்று தேவை. ஒவ்வொரு குழந்தையும் தாயோடு விளையாடிக்கொண்டே பேசுவதைப் பத்து நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். சோதனையின் மதிப்பெண்ணை அறியாத, நம் மாவட்டத்தில் பணியாற்றி அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டு, இந்தக் குழந்தைக்குத் தாமதம் உண்டா இல்லையா என்று தன் முடிவைத் தனியாக எழுதட்டும். அவருடைய முடிவோடு எந்த விடைத்தாள் அதிகம் ஒத்துப்போகிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் முடிவாக அமைய வேண்டும். உண்மையில் தாமதமுள்ள குழந்தைகளை ஊரின் தாள் தவறவிடுகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். நண்பர் சொன்ன எச்சரிக்கைக்கும் அதுவே பாதுகாப்பு. பதிவில் ஒரு வாக்கியத்தின் நீளத்தைக் கணக்கிட எண்ணினால், தமிழில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சொல்லோடு ஒட்டி வருவதால், சொல்லை எண்ணுவதா உருபை எண்ணுவதா என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் விதியை மாற்றக் கூடாது.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். 48 முதல் 60 மாதம் வரையுள்ள ஒரே வயதுப் பிரிவை மட்டும் எடுங்கள். மூன்று வயதுப் பிரிவுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் 15 பேரை வைப்பதால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. 60 குழந்தைகளில் 12 பேர் பகுப்பு மாறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு என்ற அந்த எண்ணைச் சுற்றியுள்ள நம்பக எல்லை (உண்மையான விழுக்காடு இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 10 முதல் 30 விழுக்காடு வரை விரியும். அந்த அளவுத் துல்லியம் முதுநிலை ஆய்வேட்டுக்குப் போதுமானது. 10 குழந்தைகளோடு முன்னோட்டம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாய்வைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி உண்டு. ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளின் பதிவுகளை இரண்டாவது மதிப்பீட்டாளர் ஒருவரும் மதிப்பிட வேண்டும். அவர் வெளிமாவட்டத்தவராக இருக்கட்டும். நீங்கள் இருவரும் எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே பிரிகிறீர்கள் என்பதைக் கணக்கிட்டு அப்படியே வெளியிடுங்கள். நீங்கள் பிரியும் இடங்களே ஒரு தனி அத்தியாயத்துக்கு உரிய தரவாக அமையும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையையும் பதிவு செய்யாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஏழு வயதுக்குக் கீழ் என்பதால் குழந்தையின் முறையான இசைவு கேட்கப்படாது. ஆனாலும் அட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் குழந்தையைப் பிடித்து உட்கார வைக்கக் கூடாது. தலைப்பை உறுதி செய்யுமுன் மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனத்தில் தமிழ் ஒலிப்பு பற்றியும் சொற்களஞ்சியம் பற்றியும் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைத் தேடிப் படியுங்கள். யாரோ செய்த வேலையை மறுபடி செய்யாதிருப்பதற்கு அது உதவும்.

பதில்: கடற்கரை அங்கன்வாடிப் பணியாளர்

மக்களே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தூத்தூர் பக்கத்துக் கடற்கரையில் 20 ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆய்வு செய்கிறோம் என்று இதுவரை மூன்று குழுக்கள் எங்கள் மையத்துக்கு வந்தன. பிள்ளைகளை உட்கார வைத்தார்கள், கேள்வி கேட்டார்கள், தாளில் எழுதினார்கள், மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் முடிவு என்ன என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. தாய்மார் என்னிடம்தான் கேட்டார்கள். என்னிடம் விடை இல்லை. நீங்கள் வருவதாக இருந்தால், முடிந்தபின் ஒரு நாள் வந்து தாய்மாரை உட்கார வைத்து, அவரவர் பிள்ளையைப் பற்றி அவரவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அது உங்கள் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறை இருப்பதாகத் தெரியும் பிள்ளையை எங்கே அனுப்புவீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் பெயரைக் கொடுக்கலாம். காதைப் பற்றிய ஐயமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். எங்கள் ஊரிலிருந்து ஆசாரிப்பள்ளம் போய்வர ஒரு முழு நாள் செலவாகும். ஆகையால் எந்த நாளில், எந்தப் பிரிவில், யாரைப் பார்க்க வேண்டும் என்று கையில் எழுதிக் கொடுத்தால்தான் தாய்மார் போவார்கள்.

தகப்பன்மாரின் பேச்சையும் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த அண்ணன் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில்தான் அவர்களை வீட்டில் காணலாம். சின்னமுட்டம் பக்கம் போவதாக இருந்தால் அங்கே கிழக்குக் கடற்கரைக் கணக்கு; ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்துவிடும். பிள்ளைகளிடம் சோதனை செய்யக் காலை பத்தரை மணிக்கு முன் வாருங்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான்கு வயதுப் பிள்ளைக்கு உறக்கம் வந்துவிடும்; அந்த நேரத்தில் பேசாத பிள்ளையைப் பேச்சு வராத பிள்ளை என்று எழுதிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்: கருங்கல் மாணவி

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. நேற்று இந்தப் பதில்கள் அனைத்தையும் அச்செடுத்து என் வழிகாட்டியிடம் கொடுத்தேன். மூன்றாவது சாட்சி என்ற பகுதியை அவர் இரண்டு முறை படித்தார். இவ்வாறு அமைத்தால் இது பட்டியல் வேலை ஆகாது, ஒரு சோதனைக் கருவியின் நம்பகத்தன்மையைப் பற்றிய ஆய்வாக நிற்கும் என்று ஒப்புக்கொண்டார். இரைச்சல் பற்றிய தலைப்பைச் செவியியல் பிரிவு மாணவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

ஆகவே ஒரே கடற்கரைப் பகுதியையும் 48 முதல் 60 மாதம் வரையுள்ள வயதுப் பிரிவையும் மட்டும் எடுக்கிறேன். உள்நாட்டு ஊர்களையும் சேர்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஆனால் அப்படி ஒப்பிட்டால் கடற்கரைப் பிள்ளைகள் குறைந்தவர்கள் என்று யாராவது தலைப்பிட்டு எழுதிவிடுவார்களோ என்ற அச்சத்தால் விட்டுவிட்டேன். வீட்டில் பேசும் மொழி எது, மலையாளம் எந்த அளவு காதில் விழுகிறது என்பதை ஒப்புதல் படிவத்தோடு சேர்த்துத் தாயிடம் கேட்டுப் பதிவு செய்வேன். முடிவுகளைத் தாய்மாரிடம் நேரில் சொல்லும் நாளைத் திட்டத்தின் கால அட்டவணையில் தனி வரியாக எழுதிவிட்டேன்.

இன்னும் ஒரே ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. படத்தொகுப்பில் உள்ள படகின் படத்தை நான் மாற்றலாமா? மாற்றினால் அது அதே சோதனையாக இருக்காது என்பது எனக்குத் தெரியும். மாற்றாவிட்டால் அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியையே வேறு 60 பிள்ளைகளையும் கேட்க வைப்பேனே என்று தோன்றுகிறது.

பதில்: ஆய்வு முறை கற்பிப்பவர்

மூலப் படத்தை மாற்ற வேண்டாம். அதை முதலில் காட்டி, குழந்தை சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், "இது வள்ளமா, போட்டா?" என்று கேட்டால் அந்தக் கேள்வியையும் விடையாகவே பதிவு செய்யுங்கள். சோதனை முழுவதும் முடிந்தபின் வள்ளம், கட்டுமரம், விசைப்படகு ஆகியவற்றின் ஒளிப்படங்களைத் தனியாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். இதன் மதிப்பெண்ணை முதன்மைக் கணக்கில் சேர்க்காமல் பின்னிணைப்பில் கொடுங்கள்.

பதில்: கடற்கரை அங்கன்வாடிப் பணியாளர்

ஒளிப்படங்களை வேறு எங்கும் தேட வேண்டாம், மக்களே. வள்ளமும் கட்டுமரமும் எங்கள் கரையில் நிற்கின்றன. தடைக்காலத்தில் வந்தால் விசைப்படகுகளைத் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் வரிசையாகக் காணலாம். பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிற வள்ளத்தையே படமெடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். வள்ளத்தில் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தை எடுக்காதீர்கள். அது இன்னாருடைய வள்ளம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். என்ன இது என்று நீங்கள் கேட்டால், வள்ளம் என்று சொல்ல மாட்டார்கள். உடையவரின் பெயரைத்தான் சொல்வார்கள்.